ரிவேர்ஸ் கியரின் காவற்காரன்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடாக்களுள் ஒன்றான சீனன்குடாவின் கரையை ஒட்டிக் கிண்ணியாப் பாலத்தை நோக்கிச் செல்லும் வீதியில் ஒரு முற்பகற் பொழுதைக் கழிப்பவர், முன்னே செல்வதற்கென்றே படைக்கப்பட்டவை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் வாகனங்கள் தம் ஆயுளில் எத்துணைப் பங்கைப் பின்னே செல்வதிற் செலவிடுகின்றன என்பதைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது. பிறிமா மா ஆலைக்கு வரும் லொறி, மூட்டை ஏற்றும் மேடையோடு தன் வாற்பலகையைப் பொருத்துவதற்குப் பின்னால் வந்தாக வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் ஆங்கிலேயர் காட்டுக்குள் மறைத்துக் கட்டத் தொடங்கி, இன்று தொண்ணூற்றொன்பது எஞ்சியிருக்கும் எண்ணெய்த் தாங்கிகளின் சூழலில் எரிபொருள் நிரப்ப வரும் பவுசரும், சீமெந்து ஆலைக்கு வந்து போகும் நீண்ட வண்டிகளும் அவ்வாறே. எனினும் ஒரு வாகனத்தின் கியர்களுள் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், மிகக் குறைந்த தாட்சண்யத்தோடு நிருமாணிக்கப்படுவதும் அந்தப் பின்கியர்தான்.

இரு பற்சில்லுகள் ஒன்றோடொன்று பற்கோத்துச் சுழலும்போது அவை எதிரெதிர்த் திசைகளிலேயே சுழலும். அவற்றை விலக்கி நடுவே மூன்றாவதொரு சில்லைப் புகுத்தினால், முதலாவதும் கடைசியும் ஒரே திசைக்கு வந்துவிடும். முன்கியர்களுக்கு நேரடியாகக் கோத்த சோடிகளையும், பின்கியருக்கு மாத்திரம் நடுச்சில்லையும் அமைத்துவிட்டால் வாகனம் திசை மாறி ஓடும்: தத்துவம் இவ்வளவே. ஆனால் முன்கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டு எப்போதும் பற்கோத்த நிலையிலேயே இருக்க, மிகப் பல கியர்பொக்ஸுகளில் பின்கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டு, நடுச்சில்லு பக்கவாட்டில் நழுவி வந்து மற்றவற்றிற் பொருந்துமாறு விடப்பட்டிருக்கிறது. வாகனம் பின்னே செல்லும்போது கேட்கும் அந்த விசேஷமான ஊளைச் சத்தம் நேர்ப்பற்களின் சத்தமே. ஏர்ள் தொம்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் கண்டுபிடித்து, 1928இல் கடிலாக் மோட்டார்களில் முதன்முதலாகப் புகுத்தப்பட்ட ஒத்திசைவு வளையங்கள், கியர் மாற்றும் கணத்தில் இரு பாகங்களின் வேகத்தையும் உராய்வினாற் சமப்படுத்திவிட்டுப் பின்னரே பற்களைச் சேரவிடுகின்றன. வாகனம் நின்ற நிலையில் மாத்திரமே போடவேண்டிய பின்கியருக்கு அந்த உபசாரம் அநாவசியம் என்று உற்பத்தியாளர் பலர் நெடுங்காலம் கருதி வந்தனர்.

நின்ற நிலையில் மாத்திரம் என்ற அந்த நிபந்தனையை மீறினால் நேர்வது என்ன என்பதைச் சிறு கணக்கினால் அறியலாம். டயரின் சுற்றளவு 1.8 மீற்றர், இறுதிக் கியர் விகிதம் 4, பின்கியர் விகிதம் 3.3 என வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் சில்லுகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 740 சுற்றுகள் சுழல, அதே கணத்திற் பின்கியர் முழுமையாகப் பொருந்துமானால், கிளட்ச் தட்டு நிமிடத்துக்கு 9,700க்கும் மேற்பட்ட சுற்றுகள், அதுவும் எஞ்சினின் திசைக்கு நேர் எதிராகச் சுழல வேண்டிவரும். பற்கள் அவ்வாறு பொருந்துவதற்கு முன்னரே நொறுங்கிவிடும் என்பதே இதிலுள்ள ஒரே ஆறுதல்.

இந்த விபத்தைத் தடுப்பதற்கு மனிதர் கைக்கொண்ட உபாயங்கள் பலவிதம். கியர்க்கோலின் கழுத்தில் உள்ள வளையத்தை விரலால் உயர்த்தினாலன்றிப் பின்கியர் ஒழுங்கைக்குள் நுழையவிடாத அமைப்பு ஒன்று. கோலைக் கீழே அழுத்தியே தள்ளவேண்டிய பழைய வொக்ஸ்வாகன் முறை இன்னொன்று. நம் வீதிகளெங்கும் ஓடும் பஜாஜ் முச்சக்கர வண்டியிலோ பின்செல்வதற்கென்று தனியே ஒரு நெம்பு வைக்கப்பட்டிருக்கிறது. கியர் மாற்றும் கை தவறுதலாகப் பின்கியரில் விழுவதற்கு அங்கே வழியே இல்லை. பூட்டுப் போடுவதைவிட வாசலையே வேறிடத்தில் வைத்துவிடுவது எத்துணைச் சிக்கனமான புத்தி என்று அந்த வண்டியைப் பார்க்குந்தோறும் எனக்குத் தோன்றுவதுண்டு.

சீனன்குடாவில் இதே பிரச்சினைக்கு வேறு இரண்டு விடைகளையும் காணலாம். கல்ஓயாச் சந்தியிலிருந்து திருகோணமலைக்கு 1927இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாதை இவ்வூர் நிலையத்தைத் தொட்டே செல்கிறது. 1954 முதல் கனடா இந்நாட்டுக்கு அளித்த எம் இரண்டு வகை டீசல் எஞ்சின்களைப் போன்றவற்றில், முன்னோ பின்னோ என்று திசையை நிர்ணயிக்கும் பிடி, வேகப்பிடி ஓய்வு நிலையில் இருந்தாலன்றி அசையாதபடி இரும்பினாலேயே பிணைக்கப்பட்டிருக்கிறது. அப்பிணைப்பு, எஞ்சின் வலு கொடுக்கிறதா என்பதைக் கவனிக்கிறதேயன்றி, வண்டி உண்மையில் நின்றுவிட்டதா என்பதைக் கவனிப்பதில்லை; அந்தப் பொறுப்பு சாரதியினுடையது. இவ்வூர் விமான ஓடுபாதையில் இறங்கியுள்ள செஸ்னா கரவான் போன்ற டர்போபுறொப் விமானங்களில், விசிறியின் இதழ்களைத் திருப்பிக் காற்றை முன்னோக்கித் தள்ளி வேகத்தைத் தணிக்கும் வசதி உண்டு. அதற்கான எல்லைக்குள் வலுப்பிடி தானாக வழுக்கிச் சென்றுவிடாதபடி ஓய்வு நிலையில் ஒரு தடை இருக்கிறது, விமானி வேண்டுமென்றே அதைக் கடத்தினாலன்றிப் பிடி அங்கே போகாது. ஆகாயத்தில் அது நழுவினால் விளைவது பற்கள் நொறுங்குவதோடு முடிகிற காரியமல்ல.

இனி, தலைப்பிற் குறித்த காவற்காரனுக்கு வருவோம். ஆறு முன்கியர்கள் உள்ள கியர்பொக்ஸுகள் விளையாட்டு மோட்டார்களிற் பரவியபோது, ஐந்தாம் ஆறாம் கியர்களின் பக்கத்து ஒழுங்கையிலேயே பின்கியரை வைக்கவேண்டிய நிலைமை பலவற்றில் ஏற்பட்டது. நெடுஞ்சாலையில் ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்க எண்ணிய கை சற்று வலப்புறம் மிகுதியாகச் சாய்ந்தால் போதும். 1992இல் டொட்ஜ் வைப்பர் மோட்டாரோடு அறிமுகமான டி-56 என்னும் கியர்பொக்ஸ் இதற்கு ஒரு மின் காவலை வைத்திருக்கிறது. பின்கியர் ஒழுங்கையின் வாயிலிற் கடினமான வில் ஒன்று கோலை எதிர்த்து நிற்கும். பக்கத்திலுள்ள வரிச்சுருளுக்கு மின்னோட்டம் கிடைக்கும்போது மாத்திரம் அந்த எதிர்ப்புத் தளர்ந்து, கோல் இலேசாக உள்ளே செல்லும். மின்னோட்டத்தை அனுப்புவது எஞ்சினின் கணினி. வேகம் மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கியதும் அது அனுமதி அளிக்கிறது. ஹொண்டாவின் கே வரிசை எஞ்சின்களோடு வந்த ஆறு கியர்ப் பெட்டிகளிலும், அவற்றை வேற்று வாகனத்திற் பொருத்துவோர் இதையொத்த வரிச்சுருளைச் சந்திக்கிறார்கள்.

சந்திக்கிறார்கள் என்று எழுதியது காரணத்தோடுதான். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில், புதியதை வாங்குவதற்கில்லை என்ற நிலையில், உள்ளதை உயிரோடு வைத்திருக்கும் கலை நம் கராஜ்களில் மேலும் மதிப்புப் பெற்றது. ஒட்டோ கியர் பழுதாகிவிட்ட மோட்டாருக்கு மனுவல் கியர்பொக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து ஏற்றுவது அக்கலையின் ஓர் அங்கம். கிளட்ச் மிதியைப் பொருத்துவதும், தாங்கிகளை ஒட்டவைப்பதும், தண்டின் நீளத்தைக் குறைப்பதும் கண்ணுக்குத் தெரியும் வேலைகளாதலால், அனுபவமுள்ள கைகள் அவற்றை எப்படியோ முடித்துவிடும். ஆனால் கியர்பொக்ஸ் தனியாக வந்திருக்கிறது. அதனோடு பேசிப் பழகிய கணினி வேறொரு வாகனத்தில், சிலவேளை வேறொரு தேசத்தில், தங்கிவிட்டது. பின்கியர் வரிச்சுருளின் செருகி, இரண்டு கம்பிகளோடு, பேசுவார் எவருமின்றித் தொங்கிக்கொண்டிருக்கும். அனுமதி அளிக்கும் அதிகாரத்தை இனி யாரிடம் ஒப்படைப்பது என்பதே அந்த இரு கம்பிகள் கேட்கும் கேள்வி.

மிகச் சோம்பலான விடை, சாவியைத் திருப்பியதும் வரிச்சுருளுக்கு எப்போதும் மின்னோட்டம் கிடைக்குமாறு இணைத்துவிடுவது. காவற்காரன் இருந்தும் இல்லாதவனாகிறான். அத்தோடு, சில கணங்கள் மாத்திரம் வேலை செய்ய வகுக்கப்பட்ட சுருள் மணிக்கணக்கிற் சூடேறிக் காலப்போக்கில் எரிந்தும் போகலாம். இரண்டாவது விடை பலருக்குப் பிரியமானது: பிரேக் விளக்கின் ஆளியிலிருந்து ஒரு கம்பியை எடுத்து வரிச்சுருளுக்குக் கொடுப்பது. பின்கியர் போடுமுன் எவரும் பிரேக்கை மிதித்திருப்பார் என்ற நியாயம் கேட்பதற்கு அழகாயிருக்கிறது. ஆனால் வேகமாகச் சென்றுகொண்டிருக்கையில் திடீரென ஒரு மாடு குறுக்கிட, சாரதி பிரேக்கை மிதித்தவாறே அவசரமாகக் கீழ்க்கியருக்கு இறங்க முயலும் கணத்தை எண்ணிப் பாருங்கள். கை தவறுவதற்கு மிகுந்த வாய்ப்புள்ள அதே கணத்தில், காவலும் திறந்து கிடக்கிறது. இந்த முறையை நான் ஒருவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். மூன்றாவது, கியர்க்கோலின் தலையிலோ அருகிலோ ஓர் அழுத்தாளியை வைப்பது. அழுத்தும்வரை மாத்திரம் காவல் தளரும். பழைய கழுத்து வளையத்தின் மறுபிறவியே இது.

நான்காவது, உண்மையான வேகத்தையே கேட்டறிவது. கியர்பொக்ஸின் வெளித்தண்டருகே இருக்கும் உணரி, தண்டு சுழலச் சுழல மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஜப்பானியத் தரப்படி வேகமானியின் தண்டு கிலோமீற்றருக்கு 637 சுற்றுகள் சுழலும். சுற்றுக்கு நான்கு துடிப்புகள் என்றால் கிலோமீற்றருக்கு 2,548. ஆகவே மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ ஐந்தரைத் துடிப்புகளும், 80இல் ஐம்பத்தாறுக்கு மேற்பட்டவையும் வரும். இவற்றை எண்ணி, குறித்த வீதத்துக்குக் கீழே இறங்கினால் மாத்திரம் ஓர் ஆளியை மூடும் சிறு மின்சுற்று, இன்று சில நூறு ரூபாய்ப் பாகங்களாற் செய்யக்கூடிய பொருள்தான்.

ஆயினும் அந்தச் சிறு சுற்று வரிச்சுருளை நேரே சுமக்க முடியாது. சுருளின் தடை 4 ஓம் என்று கொண்டால், 12 வோல்ற்றில் 3 அம்பியர் ஓடும். எண்ணும் சுற்றுக்கு அது எமபாரம். எனவே இடையே ஒரு றிலே வேண்டும்: சுமார் 85 ஓம் தடையுள்ள அதன் சுருள் ஓர் அம்பியரில் ஏழில் ஒரு பங்கைத்தான் கேட்கும். மோட்டார் றிலேக்களின் அடியில் 85, 86 என்று குறித்த முனைகள் அந்தச் சுருளுக்குரியவை. 30இல் பற்றரியிலிருந்து உருகி வழியாக வரும் கம்பியும், 87இல் வரிச்சுருளுக்குப் போகும் கம்பியும். இனி, பலர் மறந்துவிடும் ஒரு நுட்பம் உண்டு. சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென அறுந்தால், அதுவரை சேமித்த காந்தச் சக்தி போக வழியின்றி, கணநேரத்துக்கு நூற்றுக்கணக்கான வோல்ற்றாகத் தலையெடுக்கும். றிலேயின் தொடுகைகள் தீப்பொறியில் கருகுவதும், துடிப்பெண்ணும் சுற்று காரணம் தெரியாமற் சாவதும் பெரும்பாலும் இதனாலேயே. வரிச்சுருளின் குறுக்கே ஓர் இருவாயியை, அதன் வெள்ளைக் கோடுள்ள முனை நேர்க்கம்பியைப் பார்க்குமாறு, இணைத்துவிட்டால் அந்தச் சக்தி அதன் வழியே சுற்றித் தணிந்துவிடும். றிலேயின் சுருளுக்கும் அவ்வாறே ஒன்று.

வேகத்தைக் கேட்டறியும் முறையே சர்வ உத்தமமானது என்று இதுவரை படித்தவர் தீர்மானித்திருக்கக் கூடும். அதற்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. உணரியின் கம்பி அறுந்துவிட்டது, அல்லது கடற்காற்றின் உப்பினால் அதன் செருகி களிம்பேறிப் பச்சையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், துடிப்புகள் நின்றுவிடும். எண்ணும் சுற்றுக்குத் துடிப்பு இல்லையென்றால் வேகம் இல்லையென்றே பொருள்; கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராத வீட்டில் எல்லாரும் உறங்குகிறார்கள் என்று முடிவுசெய்பவனைப் போல, வாகனம் நிற்கிறதென்று நம்பி, அது 80இல் பறந்துகொண்டிருக்கும்போதே வாயிலைத் திறந்துவைத்துவிடும். உற்பத்தியாளரின் கணினி இவ்விடத்தில் இன்னும் கெட்டியானது: எஞ்சின் வேகத்தையும் சுமையையும் ஒப்புநோக்கி, வண்டி ஓடாமல் இப்படி இருக்க நியாயமில்லையே என்று ஐயுற்று, பி-0500 என்ற குறியீட்டுப் பிழையைப் பதிந்து விளக்கையும் எரியவிடும். நாம் கையாற் செய்த சுற்றுக்கு அத்தகைய சந்தேக புத்தி கிடையாது.

ஆகவே வேகச்சுற்றையும் அழுத்தாளியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைப்பதே என் அபிப்பிராயத்திற் சரியான வழி. இரண்டும் இசைந்தால்தான் வரிச்சுருளுக்கு மின்னோட்டம். உணரி மௌனமானாலும், அழுத்துவதற்கு ஒரு விரல் வேண்டுமென்ற காவல் எஞ்சியிருக்கும். விரல் தவறி அழுத்தினாலும் வேகம் தடுக்கும். வரிச்சுருளுக்குப் போகும் கம்பி அறுந்தாலோ உருகி எரிந்தாலோ வாயில் மூடியே கிடக்கும். அப்படி மூடிக் கிடந்தால் வாகனம் ஒரு முடுக்கில் அகப்பட்டு நின்றுவிடாதா என்று கேட்கலாம். டி-56இன் வில் கடினமானதேயன்றி உடைக்கமுடியாத சுவரல்ல. நின்ற வாகனத்தில் உள்ளங்கையால் உரமாகத் தள்ளினாற் கோல் உள்ளே போகும். வேகமாக ஓடும்போது அறியாமல் சாய்கிற கைக்கு மாத்திரமே அது மறுப்பு.

வேலை முடிந்ததும், வாகனத்தின் ஓட்டுச் சில்லுகளை நிலத்திலிருந்து உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, எஞ்சினை ஓட்டி, நாலாம் கியரில் வேகமானி 30ஐக் காட்டும்போது அழுத்தாளியை அழுத்தி, வரிச்சுருளின் முனைகளில் வோல்ற்றுமானியை வைத்துப் பார்க்க வேண்டும். பூச்சியம் காட்டினால் நன்று. அடுத்து எஞ்சினை நிறுத்தி, வேக உணரியின் செருகியைக் கழற்றி, மீண்டும் ஓட்டி, அழுத்தாமல் ஒரு தடவையும் அழுத்தி ஒரு தடவையும் அதே அளவீட்டை எடுக்க வேண்டும். கியர்க்கோலைப் பின்கியரை நோக்கித் தள்ளிப் பரிசோதிப்பது மாத்திரம் வேண்டாம்; மானிக்குத் தெரியக்கூடியதைப் பற்களிடம் கேட்பானேன். பிறகு சுற்றின் வரைபடத்தைக் கம்பிகளின் நிறங்களோடு ஒரு தாளில் எழுதி, உருகிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட வேண்டும். இந்த மோட்டாரை அடுத்ததாகத் திறக்கப்போகிற கராஜ்க்காரருக்கு, தொழிற்சாலைப் புத்தகம் எதிலும் இல்லாத இந்தக் காவற்காரனைப் பற்றிச் சொல்வதற்கு வேறு எவரும் இருக்கமாட்டார்.