நில்லாத அடுக்கின் கணக்கு

சென்னைக்கு வடக்கே, கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தின் அருகில் அமைந்தது நெட்டுக்குப்பம் என்னும் மீனவர் ஊர். அங்கு உப்புக் காற்று இரும்பை விரைவில் அரித்துவிடும். கடலில் உலோகம் முறியின் உயிருக்கே இடராம். ஆகவே, உப்புக்கு அஞ்சாத உலோகத்தை மாந்தர் நாடலாயினர்.

அத்தகையவற்றுள் ஒன்று டைட்டேனியம். விலை மிக்கதாகலின் சிறு படகுகளில் அது வழங்குவதன்று. ஆனால், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 6000 மீட்டர் ஆழத்திற்கு மூவரைக் கொண்டுசெல்ல வகுத்த 'மத்ஸ்யா 6000' என்னும் கலத்தில், அவர்கள் அமரும் கோளத்திற்கு டைட்டேனியக் கலவையே தேர்ந்தெடுக்கப்பட்டது.

தூய டைட்டேனியத்தின் அணுவடுக்கு, 882 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே அறுகோண வடிவினது. அதற்கு மேலே, கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் அணு அமைந்த வடிவினது. பம்பரம் சுழலும் வரையில் நிற்கிறது. சுழற்சி ஓய்ந்தால் வீழ்கிறது. அதுபோல, வெப்பத்தால் அணுக்கள் மிக அதிரும் வரையிலேயே இக்கனசதுர அடுக்கும் நிற்கிறது.

வனேடியத்தைப் போதிய அளவு கலந்து விரைந்து குளிர்வித்தால், இவ்வடுக்கு அறை வெப்பத்திலும் நிற்கும். எவ்வளவு கலத்தல் வேண்டும்? உலையில் உருக்கியுருக்கிப் பார்ப்பின் பொருளும் காலமும் வீணாகும். கணக்கிட்டறியவோ, தூய டைட்டேனியம் அவ்வடுக்கில் நின்றால் அதன் ஆற்றல் யாது என்பது தெரிதல் வேண்டும். நில்லாத ஒன்றை அளப்பது எங்ஙனம்?

வால்டர் கோன் முதலிய அறிஞர் 1964, 1965 ஆம் ஆண்டுகளில் வகுத்த முறையால், எலக்ட்ரான்களின் செறிவைக் கொண்டு அணுவடுக்கின் ஆற்றலைக் கணிக்கலாம். கோன் 1998-இல் நோபெல் பரிசு பெற்றார். ஆயினும் இடர் ஒன்று உண்டு. மணற்குழியிலுள்ள பந்து, தள்ளினாலும் குழிக்கே மீளும். மணல்மேட்டின் உச்சியில் வைத்த பந்தோ சிறிது அசைந்தாலும் உருண்டோடும். நில்லாத அடுக்கு மேட்டுப் பந்தை ஒத்தது. உச்சியில் கணித்தால் ஆற்றல் மிகையாகும். உருளவிட்டால் வேறோர் அடுக்கின் ஆற்றலே கிடைக்கும்.

2015-இல் ஆக்சல் வான் டி வால் என்பாரும் அவர்தம் குழுவினரும் இதற்கு வழி கூறினர். மேட்டின் வளைவு குழியின் வளைவாக மாறும் இடம் ஒன்று சரிவில் உண்டு. மேடு முடிந்து குழி தொடங்கும் எல்லை அது. அவ்வெல்லையின் ஆற்றலையே நில்லாத அடுக்கின் ஆற்றலாகக் கொள்ளலாம் என்பது அவர்தம் துணிபு.

நிலைக்கும் கலவையைத் தேர்வோர், நிலையாததன் இயல்பையும் எண்ணியறிதல் வேண்டும். கடலுள் செல்வோர்க்கு அவ்வெண்ணமும் ஒரு காவலாம்.