அடுப்படியில் படித்த பி.காம்.

"இத்தனை பொஸ்தகத்தை வாங்கி வெச்சுக்கிட்டு என்னம்மா செய்யப் போறே? பேசாம ஒரு தையல் மெஷினை வாங்கிப் போடு. மாசம் பத்து ஜாக்கெட் தைச்சாலும் கையிலே நாலு காசு நிக்கும்!"

1984-ல் தபால் வழியில் பி.காம். படிக்க நான் பணம் கட்டிவிட்டு வந்த அன்று என் மாமியார் சொன்னது இது. கோபமாகச் சொன்னார் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தப் படிப்பு எதற்கு என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கு மட்டும் என்ன, புரிந்தா இருந்தது? வயது இருபத்தேழு. மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. புகுமுக வகுப்பு தேறி ஒன்பது வருஷம் ஓடிப் போயிருந்தது. சரித்திரம் என்றால் மனப்பாடம் செய்ய வேண்டும், இலக்கியம் என்றால் இங்கிலீஷ் பயம். கணக்குத்தானே, வீட்டில் தினமும் போடுகிறோமே என்ற அசட்டுத் தைரியத்தில் 'வணிகவியல்' என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன்.

அந்தத் தைரியம் முதல் பாடத்திலேயே போய்விட்டது!

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்குத் தபால்காரர் கொண்டு வந்த பழுப்புப் பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் பாடம், இரட்டைப் பதிவு முறை. 1494-ல் இத்தாலியில் லூகா பாசியோலி என்ற பாதிரியார் அச்சிட்டு வெளியிட்ட புத்தகத்தில் விளக்கிய முறையாம். எந்த நடவடிக்கைக்கும் இரண்டு பக்கம் உண்டு. ஒரு கணக்கில் பற்று, இன்னொன்றில் வரவு. சரி, இது விளங்குகிறது. அடுத்த வரியில் ஒரு உதாரணம்: ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுத வேண்டும்.

பணம் வந்தால் வரவு அல்லவா? என் வீட்டுக் கணக்கு நோட்டில் சம்பளத்தை 'வரவு' என்றுதானே எழுதுகிறேன்? அச்சுப் பிழை என்றே நினைத்து, பென்சிலால் அடித்துத் திருத்திக்கூட வைத்தேன். அடுத்த பக்கத்திலும் அதே 'பிழை'. அதற்கடுத்த பக்கத்திலும்!

பத்து நாள் இந்த ஒரு வரியில் நின்றேன். தீர்த்து வைத்தது எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர். கடனுக்குச் சாமான் வாங்கினால் "பற்று வெச்சுக்கவாம்மா?" என்று கேட்பார் பாருங்கள், அதுதான். துவரம்பருப்பைப் பெற்றுக்கொண்டது நான். ஆகவே அவர் நோட்டில் என் பெயருக்குப் பற்று. மாதம் பிறந்து பணம் தந்தால் என் பெயருக்கு வரவு. பெறுபவருக்குப் பற்று, தருபவருக்கு வரவு. அவ்வளவுதான்! இனி கல்லாப்பெட்டியையும் ஒரு ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பெறுவது கல்லாப்பெட்டி. ஆகவே அதற்குப் பற்று. நான் வீட்டு நோட்டில் எழுதிய 'வரவு' எனக்கு வந்த பணம். வணிகக் கணக்கில் 'நான்' என்று ஒருவர் கிடையாது. ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு ஆளும் தனித்தனிக் கணக்கு. இது புரிந்த அன்று ரசத்தை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தே போனேன். பாத்திரம் தீய்ந்தது. (அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் பற்று எழுதுவது என்று யோசித்ததும் உண்மை!)

படிக்க நேரம் ஏது என்று பலர் கேட்டார்கள். விடியற்காலை நாலு முதல் ஐந்தரை வரை. பால்காரர் வந்துவிட்டால் புத்தகத்தை மூடியாக வேண்டும். மதியம் படிக்கலாம் என்று ஆரம்பத்தில் திட்டம் போட்டேன். சாப்பிட்டு உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிஷம் தூக்கம். அந்தத் திட்டத்தைக் கைவிட்டேன். சட்டப் பாடங்களைச் சமைத்துக்கொண்டே வாசிக்கலாம். கணக்குப் பாடத்தை அப்படி வாசித்துப் பயனில்லை, பென்சில் பிடித்துப் போட்டுப் பார்த்தால்தான் வரும்.

இருப்பாய்வு என்று ஒன்று உண்டு. எல்லாக் கணக்குகளின் பற்று மீதியையும் வரவு மீதியையும் எதிரெதிரே எழுதிக் கூட்டினால் இரண்டும் சமமாக வரவேண்டும். எனக்கு வரவே வராது! ஒரு நாள் 270 ரூபாய் உதைத்தது. ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பில் ஆசிரியர் ஒரு யுக்தி சொன்னார்: "வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறதா பாருங்கள். வகுபட்டால் ஏதோ ஒரு எண்ணில் இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம்." வீட்டுக்கு வந்து தேடினேன். 630 என்பதை 360 என்று எழுதியிருந்தேன்! வேறொரு யுக்தியும் உண்டு. வித்தியாசத்தில் பாதித் தொகை கணக்கில் எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அதைப் பக்கம் மாற்றி எழுதியிருக்கக்கூடும். எதற்கும் அகப்படாவிட்டால் 'அனாமத்துக் கணக்கு' என்று ஒன்றைத் திறந்து வித்தியாசத்தை அதில் போட்டு வைத்துவிட்டு, தவறு கிடைத்த பிறகு நேர் செய்யலாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு! குடும்பத்திலும் இப்படி ஒன்று இருந்தால் எத்தனை சண்டைகளைத் தள்ளிப் போடலாம்!

இரண்டாம் வருஷம்தான் விஷயம் வினையாயிற்று.

என் கணவர் லாரி சர்வீஸ் ஒன்றில் குமாஸ்தா. அவருடைய பால்ய சிநேகிதர் ஒருவர் பாத்திரக் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் ஒருவர் மாதிரி, குழந்தைகளுக்கு 'பெரியப்பா'. 1985-ல், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, "இருபத்தையாயிரம் போடு, கூட்டாளியாகச் சேர்ந்துக்கோ. எத்தனை நாள்தான் குமாஸ்தாவா இருப்பே?" என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. என் பத்துப் பவுன் நகையை அடகு வைப்பது, மீதிக்கு பி.எஃப். கடன் போடுவது என்று மனசுக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது.

நான் ஒன்றுதான் கேட்டேன். "ஏங்க, கடையோட ஐந்தொகையை ஒரு தடவை பாக்கலாமா?"

"அவன் என் கூடப் பொறந்தவன் மாதிரி. அவன்கிட்ட போய்க் கணக்குக் கேக்கறதா?" இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவராகவே ஒரு தாளைக் கொண்டு வந்து என் முன்னால் போட்டார். சித்திரை முதல் தேதி புதுக் கணக்குப் போடும் கடை அது. பங்குனிக் கடைசியில் முடித்த கணக்கு. சொத்துப் பக்கம்: சரக்கிருப்பு 68,000, கடனாளிகள் 41,000, தளவாடம் 4,700, ரொக்கம் 1,300. பொறுப்புப் பக்கம்: சரக்கு தந்தவர்களுக்குப் பாக்கி 52,000, வங்கிக் கடன் 30,000, முதல் 33,000. இரு பக்கமும் 1,15,000. அழகாகச் சமமாக நின்றது.

கூட்டல் சரி. ஆனால் சரக்கை எந்த விலைக்குப் போட்டிருக்கிறார்? அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் போட வேண்டும் என்று அப்போதுதான் படித்திருந்தேன். இவரை விட்டு விசாரித்ததில், பரண் மேல் கிடந்த பித்தளை அண்டாக்களையும் குடங்களையும் செய்கூலி, லாபம் எல்லாம் சேர்த்து விற்பனை விலைக்கே போட்டிருந்தார். அவை 30,000 ரூபாய் என்று இருந்தன, அடக்கம் 20,000-தான். எல்லோரும் எவர்சில்வருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் வேறு. அந்த அண்டாக்கள் எப்போது விற்கும்? கடனாளிகளில் 18,000 ரூபாய் மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட பாக்கி. எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளாமல், ஒரு பைசாவும் தராமல் மூன்று வருஷம் கடந்துவிட்டால் அதற்கு வழக்குப் போடும் உரிமையே போய்விடுகிறது. மகனுடைய சிலேட்டில் கழித்துப் பார்த்தேன். 33,000-த்தில் பத்தாயிரம் போயிற்று, பதினெட்டாயிரம் போயிற்று. அண்ணனுடைய முதல் ஐயாயிரம் ரூபாய்!

படபடப்பில் ஒரு தப்புச் செய்தேன். "நீங்க கையெழுத்துப் போட்டா இந்த எண்பத்திரண்டாயிரம் கடனும் நம்ம தலையிலேதான்" என்று சொல்லிவிட்டேன். 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம், 25-ஆம் பிரிவு: நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. அதுவரைதான் படித்திருந்தேன். மறுநாள் காலையில் மேலே படித்தால் 31-ஆம் பிரிவு வருகிறது. புதிதாகச் சேரும் கூட்டாளி, தான் சேருவதற்கு முன் நடந்தவற்றுக்குப் பொறுப்பாக மாட்டார்!

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்வானேன்? காப்பியைக் கொடுத்துவிட்டு, "நேத்து நான் சொன்னது தப்புங்க. பழைய கடன் நம்மைச் சேராது. ஆனா நாம போடற இருபத்தையாயிரம் அந்தப் பழைய கடனை அடைக்கத்தான் போகும். சேர்ந்த நாளிலேருந்து வாங்கற புதுக் கடனுக்கு நம்ம வீடு வரைக்கும் பொறுப்பு" என்றேன். தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதால்தானோ என்னவோ, அன்றைக்குத்தான் அவர் முழுசாகக் கேட்டார். சிலேட்டை வாங்கித் தானும் ஒரு முறை கழித்துப் பார்த்தார்.

அவர் சேரவில்லை. கடை மூழ்கிப் போயிற்று என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை! வேறொருவர் பணம் போட்டுச் சேர்ந்து, இரண்டு வருஷத்தில் மனஸ்தாபப்பட்டுப் போட்டதில் பாதியை வாங்கிக்கொண்டு விலகினார். கடை தத்தளித்துத் தத்தளித்து நின்றுவிட்டது. ஆனால் 'பெரியப்பா' எங்கள் வீட்டுப் படி ஏற ஆறு வருஷம் ஆயிற்று. "கணக்குப் படிச்ச மகராசி" என்று யாரிடமோ சொன்னாராம். அந்த வார்த்தை இவரைத்தான் அதிகம் சுட்டது. என் நகை பீரோவில் இருந்தது. அவருடைய சிநேகிதம் போயிற்று. இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

1986 கோடையில் பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு மகளுக்கு அம்மை போட்டது. அடக்கவிலைக் கணக்கியல் பரீட்சையன்று ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். சாதாரண நட்டம், அசாதாரண நட்டம் பற்றி ஒரு கேள்வி. முறுக்குச் சுடும்போது எண்ணெய் காய்ந்து குறைவது சாதாரண நட்டம், சட்டி கவிழ்ந்தால் அசாதாரண நட்டம் என்று வீட்டில் வைத்திருந்த உதாரணம் நினைவுக்கு வந்ததே தவிர, கணக்கு வரவில்லை. தோற்றேன். தேர்வு முடிவைப் பார்த்து அழுதபோது, தையல் மெஷின் வாங்கச் சொன்ன அதே மாமியார்தான், "ஒண்ணுதானே போச்சு? திரும்பப் பணம் கட்டு. காலையிலே நான் அடுப்பு பத்த வெக்கறேன்" என்றார். அந்தத் தாளை மறு தடவையில் எழுதித் தேறி, 1987-ல் பட்டம் வாங்கினேன்.

பெரிய உத்தியோகம் எதற்கும் போகவில்லை. இரண்டு ஜவுளிக் கடைகளுக்கு வீட்டிலிருந்தபடியே பேரேடு எழுதினேன். நான் படித்த விற்பனை வரிச் சட்டம் போய், 2007-ல் மதிப்புக் கூட்டு வரி, 2017-ல் ஜி.எஸ்.டி. என்று மாறிவிட்டது. நான் படித்த 1956-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்துக்குப் பதிலாக 2013-ல் புதுச் சட்டம் வந்தது. பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. பற்றும் வரவும் மட்டும் போன இடத்திலும் அப்படியே இருக்கின்றன.

இப்போது என் மருமகள், இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். சேருமுன் ஒன்றை மட்டும் வற்புறுத்தினேன்: அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புக்கு, அந்த வருஷத்தில், யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்று நீயே பார்த்த பிறகு பணம் கட்டு. ஏஜென்ட் சொல்வதை நம்பாதே. இன்னொன்று, விடைகளோடு விற்கும் நோட்ஸ்களை முதல் மூன்று மாதம் தொடாதே. குறிப்பேட்டுப் பதிவுகளை நூறு, நூற்றைம்பது கையால் எழுதிப் பழகியவளுக்குக் கம்பெனிக் கணக்கு வரை பயமிருக்காது.

நேற்று ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு நோட்டைக் கொண்டு வந்தாள். "அத்தை, இருப்பாய்வு 400 உதைக்குது."

ஒன்பதால் வகுத்துப் பார்த்தோம். வகுபடவில்லை. பாதியான 200-ஐத் தேடினோம், எங்கும் இல்லை. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்க, பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தோம். மணி பதினொன்றரைக்குக் கிடைத்தது. முதலாளி வீட்டுச் செலவுக்கு எடுத்த 400 ரூபாயை ரொக்கத்தில் கழித்துவிட்டு, எடுப்புக் கணக்கில் எழுத மறந்திருந்தாள்.