அந்நிய மூலதனத்தின் வரவும் மீட்சியும்

தறி வாங்க ஐந்தாண்டுத் தவணையில் கடன் பெறுவது ஒன்று. மூன்று மாதக் கெடுவில் பெறுவது வேறு. நெய்து ஈட்டுமுன் கெடு முடிந்துவிடின், தறியையே விற்க நேரும். நாடுகளுக்கும் இது பொருந்தும்.

தாய்லாந்து 1993-ஆம் ஆண்டில் பாங்காக்கில் சர்வதேச வங்கி வசதியை ஏற்படுத்தி, வெளிநாட்டுக் கடனுக்கு வாயிலை அகலத் திறந்தது. டாலருக்குச் சுமார் 25 பாட் என்ற விகிதம் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. அந்நிய வட்டியும் குறைவு. ஆகவே குறுகிய காலக் கடன் பெருகிற்று. தொழிலும் வேலையும் வளர்ந்தன. எனினும் பெருந்தொகை மனைகளிலும் கட்டடங்களிலும் முடங்கிற்று.

1996-இல் ஏற்றுமதி தளரவே, பணம் கொடுத்தோர் ஐயுற்று மீட்கலாயினர். 1997 ஜூலை 2-ஆம் நாள் அரசு நிலைத்த விகிதத்தைக் கைவிட்டது. 2,500 பாட்டில் தீரவேண்டிய 100 டாலர் கடனுக்கு, 1998 ஜனவரியில் 5,000 பாட்டுக்கு மேல் தேவைப்பட்டது. 56 நிதி நிறுவனங்கள் மூடப்பட்டன. டாலரைக் கண்டறியாத தொழிலாளரும் வேலையிழந்தனர்.

சிலி நாடோ 1991 முதல் 1998 வரை, அந்நியக் கடனில் ஒரு பகுதியை வட்டியின்றி மத்திய வங்கியில் வைக்கும்படி விதித்திருந்தது. குறுகிய காலக் கடன் செலவு மிக்கதாகவே, நீண்ட கால மூலதனத்தின் பங்கு உயர்ந்தது. சிறு நிறுவனங்களுக்குக் கடன் அருமையாயிற்று என்னும் குறையும் உண்டு.

கெடு எவ்வளவு, எந்த நாணயத்தில் திருப்புவது, எதற்குச் செலவிடுவது என்பவற்றை முன்னரே ஆராய்தல் வேண்டும். சங்கக் கடன் மனுவில் கெடுவும் நோக்கமும் கேட்கப்படுவதும் இதனாலேயே.