வாடகைக்கு விட்டாச்சு, வாடகை வரலை: சாக்கோட்டை வீட்டுக்கு எந்தச் சட்டம் பேசும்?

வேலை சென்னையிலோ பெங்களூருவிலோ. அப்பா கட்டிய வீடு ஊரில், சாக்கோட்டையில். கும்பகோணம் பக்கத்து சாக்கோட்டை இல்லை, காரைக்குடி பக்கத்து சாக்கோட்டை. பூட்டியே போட்டால் கரையான் பிடிக்கும் என்று வாடகைக்கு விட முடிவு செய்கிறீர்கள். ஊரில் ஒரு தரகர் போன் பண்ணுகிறார்: "தம்பி, நல்ல பார்ட்டி. புருஷன், பொண்டாட்டி ரெண்டே பேருதான். பேப்பரெல்லாம் எதுக்கு, நான் இருக்கேன்ல?"

முதல் நாலு மாதம் வாடகை வருகிறது. அஞ்சாவது மாதம், "அடுத்த மாசம் சேர்த்துக் குடுத்துர்றேண்ணே." ஏழாவது மாதம் போனே எடுப்பதில்லை. தரகரைக் கேட்டால், "நான் ஆள் காட்டி விட்டேன், அதோட என் வேலை முடிஞ்சுது."

கதை கற்பனைதான். ஆனால் சொந்த ஊரில் வீடு வைத்திருக்கும் பலருக்கும் இதில் ஏதாவது ஒரு வரி பழக்கமானதாக இருக்கும். இப்படி ஆனால் என்ன செய்வது? ஆகாமல் இருக்க என்ன செய்வது? பார்ப்போம்.

முதல் கேள்வி: வீட்டு வரி ரசீது யார் கொடுக்கிறார்கள்?

வக்கீலைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வாடகைக்கென்று தனியாக ஒரு சட்டம் இருக்கிறது. சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம், 2017. அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது இது. ஆனால் இது நகர்ப்புறப் பகுதிகளுக்கான சட்டம்.

காரைக்குடி வட்டாரத்தில் இது முக்கியமான விஷயம். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. சாக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் புதுவயல், பேரூராட்சி. சாக்கோட்டையோ ஊராட்சி. ஆக, சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இரண்டு வீடுகள், ஒரே வாடகை, ஒரே பிரச்சனை. ஆனால் போக வேண்டிய இடம் வேறு. காரைக்குடியைச் சுற்றி இருந்த சில ஊராட்சிகள் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. அதனால் பழைய ரசீதை நம்பாமல், கடைசியாக வரி கட்டிய ரசீதில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

வீடு மாநகராட்சி அல்லது பேரூராட்சிக்குள் இருந்தால்?

2017 சட்டம் பேசும். அதில் உரிமையாளர் மறக்கக்கூடாத விஷயங்கள் இவை:

• ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் வாங்க வேண்டும். இதற்கு அரசின் இணையதளமே இருக்கிறது. வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாதவர்.

• '11 மாசம் போட்டா பதிவே வேண்டாம்' என்பது பாதி உண்மை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908 பதிவுச் சட்டம். 11 மாதப் பழக்கம் அதிலிருந்து தப்பிக்க வந்தது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. அதற்கு 11 மாதக் கணக்கு கிடையாது.

• முன்பணம் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. வேறு தொகை என்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். வாடகைதாரர் காலி செய்தபின், பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

• உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வாடகைதாரர் இன்னொருவருக்கு உள்வாடகை விட முடியாது.

• இரண்டு மாத வாடகை நின்றால், பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் அவர் கட்டிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. கட்டாவிட்டால், காலி செய்ய உத்தரவு கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம்.

• உங்கள் வீடுதான், ஆனாலும் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

சட்டத்துக்கு முன்பே வாய்ப்பேச்சில் குடிவந்த பழைய வாடகைதாரர் இருக்கிறாரா? அந்த ஏற்பாட்டை எழுத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தம் போடாமலே விட்டால், அதுவே காலி செய்யக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்று.

வீடு ஊராட்சிக்குள் இருந்தால்?

சாக்கோட்டை வீட்டுக்காரருக்கு வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம் எதுவும் இல்லை. சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1882-ஆம் வருடத்து சொத்து மாற்றுச் சட்டம். வழக்கு நடப்பது உரிமையியல் நீதிமன்றத்தில்.

இந்தச் சட்டப்படி, மாத வாடகைக்கு இருப்பவரை வெளியேறச் சொல்ல 15 நாள் நோட்டீஸ் போதும். நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்தோ உங்களுக்காகச் செயல்படுபவரின் கையெழுத்தோ இருக்க வேண்டும், தபாலிலோ நேரிலோ சேர வேண்டும். ஒப்பந்தத்தில் 'இரண்டு மாத நோட்டீஸ்' என்று எழுதியிருந்தால் அதுதான் செல்லும், 15 நாள் இல்லை. நோட்டீஸ் காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் வழக்கு.

இங்கே எல்லோரும் வழுக்கி விழும் ஒரு இடம் உண்டு. ஒப்பந்த காலம் முடிந்துவிட்டது. நீங்கள் 'காலி பண்ணுங்க' என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். அவரோ மாதாமாதம் கூகுள் பேயில் வாடகை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். நீங்களும் பேசாமல் வாங்கிக்கொள்கிறீர்கள். அவர் தொடர்ந்து இருக்க நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ள இது இடம் கொடுக்கும். நோட்டீஸ் அனுப்பிய பிறகு வாடகை வாங்கினாலும் இதே சிக்கல். அந்தப் பணம் வீட்டை உபயோகித்ததற்கான தொகைதானே தவிர புதிய வாடகை இல்லை என்று உடனே எழுத்தில் தெரிவியுங்கள். அதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பாக்கி வாடகையை வசூலிக்க வழக்குப் போட மூன்று வருடம் வரைதான் அவகாசம். 'போகட்டும், பார்த்துக்கலாம்' என்று விட்டால் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும்.

பூட்டைப் போட்டுடலாமா? கரண்ட்டைக் கட் பண்ணிடலாமா?

கூடவே கூடாது. ஊரில் சிலர் இதைத்தான் முதல் யோசனையாகச் சொல்வார்கள். "சாமானைத் தூக்கி வெளியில வச்சுப் பூட்டிட்டு வாங்க, என்ன பண்ணிருவான்?" நிறையப் பண்ணலாம். சட்ட வழியில் இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், அவரைத் திரும்ப உள்ளே விட உத்தரவு வாங்க முடியும். 1963 குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் சொல்வது இதுதான். வாடகை பாக்கி வைத்தவர் வாதி, நீங்கள் பிரதிவாதி. தேவையா?

தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதும் அப்படித்தான். 2017 சட்டம் அதை நேரடியாகவே தடுக்கிறது. வாடகை அதிகாரி திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவிடலாம், அபராதமும் போடலாம்.

'12 வருஷம் இருந்தா வீடு அவருக்கே'. உண்மையா?

வாடகைதாரர் விஷயத்தில் இல்லை. 12 வருடக் கணக்கு என்பது, உரிமையாளரை எதிர்த்து, 'இது என்னுடையது' என்று வெளிப்படையாக அனுபவிப்பவருக்கு. உங்கள் அனுமதியோடு வாடகைக்கு வந்தவர் 20 வருடம் இருந்தாலும் வாடகைதாரர்தான்.

செட்டிநாட்டில் இந்தப் பயம் வாடகைதாரரோடு நிற்பதில்லை. பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பத்தை வைத்திருப்பார்கள். உரிமையாளர்கள் வருடத்துக்கு ஒரு முறை, படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வருவார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் கோவாவைச் சேர்ந்த ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: வீட்டைப் பார்த்துக்கொள்பவர், காவலாளி, வேலைக்காரர் எத்தனை காலம் இருந்தாலும் சொத்தில் உரிமை வராது.

ஆனால் 'அனுமதியோடுதான் இருக்கிறார்' என்பதைக் காட்ட உங்களிடம் காகிதம் வேண்டும். சம்பளம் வங்கி வழியே போகட்டும். எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வரி ரசீதும் மின் இணைப்பும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

ஒத்திக்கு விடலாமா?

தென் மாவட்டங்களில் வாடகைக்குப் பதில் ஒத்தி சகஜம். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்வீர்கள். அவர் வாடகை இல்லாமல் இருப்பார். போகும்போது அதே தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

பலர் இதை முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு முடித்துவிடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் இப்படியான ஒத்தி, வாடகை இல்லை. அனுபவ அடமானம். 100 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும்.

அதைவிட முக்கியம், பணம். ஒத்திப் பணத்தைத் தங்கையின் கல்யாணத்துக்கோ கார் வாங்கவோ செலவழித்துவிட்டு, மூன்று வருடம் கழித்து 'காலி பண்ணுங்க' என்றால் அவர் ஏன் போவார்? பணத்தைக் கொடு, போகிறேன் என்பது அவருடைய நியாயம். பிரச்சனைக்காரர் என்று நாம் சொல்லும் ஒத்திக்காரர்களில் பலர் தன் பணத்துக்காகக் காத்திருப்பவர்கள்தான்.

ஏஜென்ட்டை எதுவரை நம்புவது?

'ரெரா'வில் புகார் கொடுக்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் ஏஜென்ட் பதிவு, பதிவு பெற்ற திட்டங்களில் மனை, வீடு விற்பவர்களுக்கானது. உங்கள் பழைய வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பிடித்துத் தருபவர் பெரும்பாலும் அதற்குள் வரமாட்டார். எனவே உங்கள் பாதுகாப்பு, நீங்கள் எழுதிக்கொள்ளும் காகிதத்தில்தான் இருக்கிறது.

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் போலீஸ் வழக்காகவே வந்த ஒரு மோசடியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏஜென்ட் உங்களிடம் மாத வாடகைக்கு என்று வீட்டை வாங்குவார். குடிவருபவரிடம் பல லட்சம் 'லீஸ்' தொகை வாங்கிவிடுவார். அந்தப் பணத்திலிருந்தே உங்களுக்கு மாதாமாதம் வாடகை அனுப்புவார். ஒரு நாள் ஆள் காணாமல் போவார். வாடகை நின்றுவிட்டதே என்று நீங்கள் போனால், "நாங்க முழுப் பணமும் குடுத்துட்டோமே" என்று ஒரு குடும்பம் நிற்கும். ஏமாந்தது இரண்டு பேர், சண்டை அந்த இரண்டு பேருக்குள்.

தடுக்க என்ன வழி?

• குடிவருபவரிடம் நீங்களே வீடியோ காலில் பேசுங்கள். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று அவர் வாயாலேயே கேளுங்கள்.

• ஒப்பந்தத்தில் கையெழுத்து உங்களுடையது. முன்பணமும் வாடகையும் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு.

• ஏஜென்ட்டுக்கு என்ன வேலை என்று எழுதுங்கள். ஆள் காட்டுவது மட்டுமா, வாடகை வசூலும் உண்டா, ரிப்பேருக்கு எவ்வளவு வரை செலவு செய்யலாம், கமிஷன் எவ்வளவு, எப்போது? வசூலிப்பவர் என்றால் 1872 ஒப்பந்தச் சட்டப்படி கேட்டபோது கணக்குக் காட்ட அவர் கடமைப்பட்டவர்.

• ஏஜென்ட்டை நிறுத்தினால் வாடகைதாரருக்கும் அன்றே எழுத்தில் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் பழைய ஆளிடமே வாடகை கொடுத்துக்கொண்டிருந்தால், அதை வரவு வைக்கும்படி உங்களைத்தான் கேட்பார்.

• வெளிநாட்டிலிருந்து பவர் எழுதிக் கொடுப்பவர்கள், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். 'விற்க' என்ற சொல் அதில் தேவையில்லாமல் நுழைந்திருக்கிறதா என்று இரண்டு முறை படியுங்கள்.

பங்காளி வீடா? இன்னும் கவனம்

ஒரே வீட்டில் பல பங்குகள் இருப்பது செட்டிநாட்டில் சாதாரணம். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோவையில். ஒருவர் மட்டும் வாடகைக்கு விட்டுவிட்டால் பிறகு மற்றவர் வாடகைதாரரிடம் வந்து நிற்பார். வாடகை யார் கணக்குக்கு, பங்கு எப்படி, ரிப்பேர் செலவு யாருடையது என்று குடும்பத்துக்குள் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஆறுதல்: மற்றவர்கள் ஆட்சேபிக்காதவரை, காலி செய்யக் கேட்டு ஒரு பங்குதாரர் மட்டுமே வழக்குப் போட முடியும். எல்லோரையும் ஊருக்கு வரவழைக்க வேண்டியதில்லை.

பழைய வீடு என்றால் சாமான் பட்டியலும் அவசியம். தேக்குக் கதவு, ஊஞ்சல், பித்தளைப் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து, தேதியோடு ஒப்பந்தத்தில் இணையுங்கள். விலைமதிப்புள்ளவற்றை ஒரு அறையில் வைத்துப் பூட்டி, 'இந்த அறை வாடகையில் சேராது' என்று எழுதிவிடுங்கள்.

கடைசியாக, நம் பக்கம் சரியா?

காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம், 'செக்ரி' ஆய்வகம் என்று மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். நல்ல வாடகைதாரருக்குப் பஞ்சம் இல்லை. அவர்கள் போய்விடுவதற்குக் காரணம் பல நேரம் நாம்தான். ஒழுகும் கூரைக்கு 'அடுத்த லீவுக்கு வந்து பார்க்கிறேன்' என்போம். வாடகைக்கு ரசீது தரமாட்டோம். முன்பணத்தைத் திருப்பித் தரும்போது சுவரில் ஆணி அடித்ததற்கெல்லாம் கணக்குப் போடுவோம். சுவர், கூரை போன்ற கட்டுமானப் பழுது உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷர் போன்ற சின்ன வேலை வாடகைதாரர் பொறுப்பு என்று 2017 சட்டமே பிரித்திருக்கிறது. உங்கள் வீடு ஊராட்சியில் இருந்தாலும் அதே பிரிவினையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள யாரும் தடுக்கவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள். வரி ரசீது, ஒப்பந்தம், வாடகைதாரரின் ஆதார் நகல், போட்டோக்கள், ஏஜென்ட்டோடு எழுதிய ஒரு பக்கம். அஞ்சு காகிதம். "பேப்பரெல்லாம் எதுக்கு தம்பி" என்று தரகர் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: "உங்களுக்கும் சேர்த்துத்தாண்ணே."