ஐந்து மைந்தரும் ஒரே கப்பலில்

குடும்பத்தில் ஒருவன் போர்க்கப்பலுக்குப் பணியாற்றச் சென்றுவிட்டால், வீட்டில் இருப்போர் தபால்காரரின் வருகையைக் கொண்டே நாள்களைக் கணக்கிடுகின்றனர். கடிதம் வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் செபமாலையும் மௌனமுமே துணை. ஒரே வீட்டிலிருந்து ஐவர் அவ்வாறு சென்றிருந்தால் பெற்றோரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்? அமெரிக்காவில் அயோவா மாநிலத்து வாட்டர்லூ நகரில் வாழ்ந்த சல்லிவன் குடும்பத்தின் வரலாறு அதனை நமக்கு உணர்த்துகிறது.

தாமஸ் சல்லிவன் சரக்கு இரயிலில் பணியாற்றியவர். அவர் மனைவி அலீட்டா. அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம் அவர்களுடையது. ஜார்ஜ், பிரான்சிஸ், ஜோசப், மேடிசன், ஆல்பர்ட் என ஆண்மக்கள் ஐவர். ஜெனவீவ் என்றொரு மகள். 1941 டிசம்பர் 7-ஆம் நாள் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டபோது, 'அரிசோனா' கப்பலில் இருந்த அவர்களுடைய நண்பர் ஒருவர் உயிரிழந்தார். அச்செய்தி சகோதரர்களை உலுக்கியது. 1942 ஜனவரி 3-ஆம் நாள் ஐவரும் ஒன்றாகக் கடற்படையில் சேர்ந்தனர். மூத்தவர் இருவரும் முன்பே கடற்படையில் பணிபுரிந்து திரும்பியவர்கள். இளையவரான ஆல்பர்ட், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுச் சென்றார்.

ஐவரும் ஒரே கப்பலில் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்ட ஒரே வரம். சகோதரர்களைப் பிரித்து அமர்த்துவதே நலம் என்னும் கருத்து கடற்படையில் இருந்தும், அது கண்டிப்பாகப் பின்பற்றப்படவில்லை. 'ஜூனோ' என்னும் புதிய போர்க்கப்பலில் ஐவருக்கும் இடம் கிடைத்தது.

அதே ஆண்டு நவம்பரில், சாலமன் தீவுகளைச் சேர்ந்த குவாடல்கனால் அருகே கடும் கடற்போர் மூண்டது. இரவுப் போரில் சேதமுற்றுத் திரும்பிக்கொண்டிருந்த ஜூனோவை, நவம்பர் 13-ஆம் நாள் முற்பகலில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ தாக்கியது. கப்பல் வெடித்து, கண்மூடித் திறப்பதற்குள் மூழ்கியது. எவரும் பிழைத்திருக்க முடியாது என்று எண்ணியும், நீர்மூழ்கிக்கு அஞ்சியும், உடன் வந்த கப்பல்கள் நில்லாமல் சென்றன. ஆனால் ஏறத்தாழ 100 பேர் கடலில் உயிரோடு இருந்தனர்! மீட்புப் பணி தாமதமாயிற்று. வெயிலும் தாகமும் காயங்களும் சுறாக்களும் ஒவ்வொருவராக அவர்களைக் கொண்டுபோயின. அவர்களுள் கரை சேர்ந்தோர் 10 பேரே. மாண்டோர் 687 பேர். மூத்தவர் ஜார்ஜ் சில நாள்கள் மிதவையில் உயிரோடிருந்து, தம்பியரைத் தேடித் தவித்தாரெனத் தப்பியோர் கூறினர்.

வாட்டர்லூவில் அன்னைக்கு இவை ஒன்றும் தெரியாது. போர்க்கால இரகசியம் காரணமாகச் செய்தி மறைக்கப்பட்டிருந்தது. கடிதங்கள் நின்றன, ஊரில் வதந்தி பரவியது. உண்மை என்னவென்று கேட்டு, 1943 ஜனவரியில் அலீட்டாவே கடற்படைக்கு எழுதினார். புதுக்கப்பல் ஒன்றிற்குப் பெயர்சூட்டுமாறு தம்மை அழைத்திருந்ததைக் குறிப்பிட்டு, செய்தி மெய்யானாலும் தாம் வருவதாக அக்கடிதத்தில் உறுதியளித்தார். அவ்வாறே பின்னர் சென்றும் வந்தார்.

ஜனவரி 12-ஆம் நாள் காலை, தாமஸ் வேலைக்குப் புறப்படும் நேரத்தில், கடற்படையினர் மூவர் வாயிலில் நின்றனர். பிள்ளைகளில் யார் என்று தந்தை கேட்டார். ஐவருமே என்பது மறுமொழி. போருக்கு வேண்டிய சரக்கு காத்திருந்தது. அன்றும் அவர் வேலைக்குச் சென்றார்.

திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் வெள்ளிப் பதக்கமும் செபமாலையும் அனுப்பி ஆறுதல் கூறினார். பெற்றோர் தொழிற்சாலைதோறும் சென்று தொழிலாளர்களிடம் பேசினர். மகள் ஜெனவீவ் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். 1943 ஏப்ரலில் 'தி சல்லிவன்ஸ்' என்னும் போர்க்கப்பலை அன்னையே பெயர்சூட்டிக் கடலில் இறக்கினார். ஆல்பர்ட்டின் மகன் வளர்ந்து அதே கப்பலில் பணிபுரிந்தார். போரில் உடன்பிறந்தோரை இழந்து எஞ்சிய ஒரே பிள்ளையைக் காக்கும் விதி 1948-இல் அந்நாட்டில் சட்டமாயிற்று. ஆழ்கடலில் கிடந்த ஜூனோவின் சிதைவுகள் 2018 மார்ச்சில் கண்டறியப்பட்டன.

பிரியாதிருக்க விரும்பிய சகோதரரை நாம் குறைகூற மாட்டோம். அந்த அன்பு வீட்டில் வளர்ந்தது. ஆயினும் அதன் விலையைச் செலுத்தியவர்கள் வீட்டிலிருந்த பெற்றோரும் ஓர் இளம் மனைவியுமே. பிள்ளையை நாட்டுக்கு ஈந்த தாய், அவன் முடிவை வதந்தியால் அறிய நேரிடலாகாது. உண்மையை உரிய காலத்தில் சொல்வது ஆள்வோரின் கடமை. காத்திருக்கும் வீட்டின் கதவைத் தட்டி, அருகில் சிறிது நேரம் அமர்ந்திருப்பது நம் கடமை.