சவ்வுக்குள்ளே ஒரே அமர்க்களம்!

பாடப்புத்தகப் படத்தில் செல் சவ்வு வெறும் கோடு. அந்தக் கோட்டுக்குள் கொஞ்சம் தலையை நுழைத்துப் பாருங்கள்... அடேயப்பா! அங்கே எதுவுமே ஓரிடத்தில் நிற்பதில்லை.

தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர்தான். அதற்குள் இரண்டடுக்காக லிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறுகள். தண்ணீரை விரும்பும் தலைகள் வெளிப்பக்கம், தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் வால்கள் நடுவே. ஒவ்வொன்றும் பக்கத்து மூலக்கூறோடு ஒரு கோடி முறை இடம் மாறுகிறது. ஒரே நொடியில்! ஆனால் ஓர் அடுக்கிலிருந்து மற்ற அடுக்குக்குத் தானாகக் குட்டிக்கரணம் அடிப்பது அபூர்வம்; மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிடித்துப் புரட்டிவிட அதற்கென்றே புரதங்கள் உண்டு.

சவ்வில் பதிந்த புரதங்களாவது சும்மா இருக்கின்றனவா? 1970இல் ஃப்ரை, எடிடின் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனையை நினைத்தால் இப்போதும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றும். சுண்டெலி செல்லையும் மனித செல்லையும் வைரஸின் துணையோடு ஒன்றாக இணைத்தார்கள். ஒன்றின் மேற்பரப்புப் புரதங்களுக்குப் பச்சை ஒளிர்வு, மற்றதற்குச் சிவப்பு. முதலில் பாதிக்குப் பாதி. 37 டிகிரியில் 40 நிமிடம் வைத்துப் பார்த்தால் இரண்டு நிறமும் கலந்து கிடக்கின்றன! நன்றாகக் குளிர வைத்தாலோ, கலப்பே இல்லை. கொழுப்பு இறுகினால் ஆட்டம் நிற்கத்தானே செய்யும்! 1972இல் சிங்கரும் நிக்கல்சனும், புரதங்கள் மிதக்கும் திரவம்போன்றது சவ்வு என்னும் பாய்ம மொசைக் மாதிரியை முன்வைத்தபோது இந்தச் சோதனை அவர்களுக்குப் பெரும் பலம்.

சரி, இந்தச் சவ்வு என்னென்ன வேலை செய்கிறது? இ.கோலை பாக்டீரியாவுக்குள் எட்டிப்பார்ப்போம். 2 மைக்ரோமீட்டர் நீளம். உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை. அதனால் ஒண்டுக்குடித்தன வீட்டு முற்றம்போல எல்லா வேலையும் ஒரே உள்சவ்வில்தான். சுவாசம் அங்கே. உணவை உள்ளே இழுப்பது அங்கே. நீந்த உதவும் கசையிழையின் மோட்டார் பதிந்திருப்பதும் அங்கே. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறைத் தயாரிக்கும் குட்டிச் சுழலியும் அங்கேதான். புரோட்டான்கள் பாயப் பாய, நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது!

இனி நம் கல்லீரல் செல். அதன் மொத்தச் சவ்வில் வெளியே தெரியும் சவ்வின் பங்கு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? சுமார் 2 சதவீதம். மிச்சமெல்லாம் உள்ளே! பாதிக்குப் பாதி எண்டோபிளாச வலையே எடுத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு.

ஏடிபி சுழலியைத் தேடுகிறீர்களா? அந்த உள்சவ்வுக்குத்தான் போகவேண்டும். மடிப்பு மடிப்பாக மடிந்த சவ்வில், இ.கோலையில் பார்த்த அதே இனத்துச் சுழலிகள் வரிசையாக நிற்கின்றன! மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை ஒரு பாக்டீரியா என்று 1967இல் லின் மார்குலிஸ் துணிந்து வாதாடியதற்கு இதைவிட அழகான சாட்சி வேண்டுமா? வேண்டுமென்றால் இன்னொன்றும் இருக்கிறது. கார்டியோலிப்பின் என்றொரு லிப்பிடு. இ.கோலையின் சவ்வில் அது உண்டு. நம் செல்லிலோ பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில்தான் குடியிருக்கிறது!