20 அமர்வு, 9 வருகை

மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சை தேடுபவர்கள் முதலில் கேட்பது, எந்த வகை நல்லது என்றுதான். இங்கிலாந்தில் 11 முதல் 17 வயதுக்குட்பட்ட 465 பேரை வைத்து நடந்து, 2017-இல் வெளியான ஆய்வு மூன்று வகைகளை ஒப்பிட்டது. சிந்தனையையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி முறைக்கு அதிகபட்சம் 20 அமர்வுகள். குறுகிய கால உளப்பகுப்பாய்வுக்கு 28. அன்றாடப் பழக்கங்கள், உறவுகள் குறித்து நடைமுறை ஆலோசனை தரும் எளிய முறைக்கு 12. சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மூன்றுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை; மொத்தச் செலவிலும் இல்லை.

இதைவிடச் சுவையானது வருகைக் கணக்கு. வந்த அமர்வுகளின் இடைநிலை எண்ணிக்கை 28-க்கு 11, 20-க்கு 9, 12-க்கு 6. அதாவது 39, 45, 50 சதவீதம். திட்டத்தில் மிக நீண்டதற்கும் மிகக் குறுகியதற்கும் 16 அமர்வு இடைவெளி. நடப்பில் 5 மட்டுமே. நின்றவர்கள் எல்லோரையும் தோல்விக் கணக்கில் எழுதிவிட முடியாது. தேறிவிட்டதால் நின்றவர்களும் அதில் இருக்கலாம்.

எப்போது அளக்கிறோம் என்பதும் விடையை மாற்றுகிறது. அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுள்ள 439 பேரிடம் நடந்த ஆய்வின் 12-ஆவது வார முடிவு 2004-இல் வெளியானது. ஃப்ளூவாக்செடின் மாத்திரையும் சிபிடியும் சேர்ந்து பெற்றவர்களில் 71 சதவீதத்தினர் முன்னேறினர். மாத்திரை மட்டும் என்றால் 60.6, சிபிடி மட்டும் என்றால் 43.2, போலி மாத்திரைக்கு 34.8. அங்கேயே நிறுத்தியிருந்தால் பேச்சு சிகிச்சை தோற்றதாகவே பதிவாகியிருக்கும். 36-ஆவது வாரத்தில் இரண்டும் பெற்றவர்கள் 86 சதவீதம், தனி சிபிடி 81, தனி மாத்திரை 81. 27.8 புள்ளி இடைவெளி 5 ஆகச் சுருங்கிவிட்டது.

பெரியவர்களிடம் விலை வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த 2016 ஆய்வு, உளசிகிச்சை வல்லுநர்கள் தந்த சிபிடியையும், இளநிலை மனநலப் பணியாளர்கள் தந்த செயல்தூண்டல் முறையையும் ஒப்பிட்டது. இரண்டாவதில் நோயாளி ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தார், அப்போது மனம் எப்படி இருந்தது என்று தாளில் குறிக்கிறார். விலகி ஒதுங்கிய வேலைகளை அந்தத் தாளைப் பார்த்தே ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குகிறார். ஓராண்டு முடிவில் மனச்சோர்வு மதிப்பெண் இரு குழுவிலும் 8.4. சிகிச்சைச் செலவு ஒருவருக்கு சிபிடியில் 1,235 பவுண்டு, செயல்தூண்டலில் 975 பவுண்டு; வித்தியாசம் 21 சதவீதம்.

இந்தியாவில் முதற்கேள்வியே வேறு. 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி மனச்சோர்வுள்ளோரில் சுமார் 85 சதவீதத்தினர் சிகிச்சையே பெறவில்லை. வகையைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்போர் 100-க்கு 15 பேருக்குள்தான்.

அதே செயல்தூண்டல் முறையை கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகளில் நடத்தினர். அமர்வுக்கு 30 முதல் 40 நிமிடம்; கூட்டினால் அதிகபட்சம் 5 மணி 20 நிமிடம். 2017-இல் வெளியான முடிவில், மூன்று மாதத்தில் நோய்க்குறிகள் தணிந்தவர்கள் 64 சதவீதம். மருத்துவரின் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. நால்வருக்கு இந்தச் சிகிச்சை தந்தால் கூடுதலாக ஒருவர் தேறுகிறார்.

பள்ளி மாணவரிடம் கணக்கு இவ்வளவு நேராக வரவில்லை. டெல்லியின் 6 அரசுப் பள்ளிகளில் 250 பேர் பங்கேற்ற ஆய்வு 2020-இல் வெளியானது. ஒரு பாதிக்கு 3 வாரத்தில் 4 அல்லது 5 அமர்வுகளும் பிரச்சினை தீர்க்கும் கையேடும். மறுபாதிக்குக் கையேடு மட்டும். 6-ஆவது வாரத்தில் மாணவர்கள் தாங்களே சொன்ன பிரச்சினைகளின் கடுமை ஆலோசகரைச் சந்தித்தவர்களிடம் கூடுதலாகக் குறைந்திருந்தது. மனநல அறிகுறிகளின் மொத்த மதிப்பெண்ணில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.